இரண்டு பருவங்கள் போன பிறகு தெரிந்தவை: வேறு நாட்டு அணிக்கு ஆடும் தகுதி

வேலைக்காக ஐரோப்பாவில் ஒரு சிறிய கிரிக்கெட் நாட்டுக்கு வந்தேன். சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி.யில் அது துணை உறுப்பு நாடு, அதாவது டெஸ்ட் ஆடும் முழு உறுப்பு நாடு அல்ல. கிளப் ஆட்டங்களில் பந்துவீச்சு நன்றாகப் போனதால் தேசிய அணிப் பயிற்சிக்கு அழைத்தார்கள். மூன்று ஆண்டு இங்கே வசித்தால் ஆடலாம் என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். அதை மட்டும் நம்பி நாட்களை ஓட்டியதில் இரண்டு கோடைப் பருவங்களும், சான்றிதழ், மொழிபெயர்ப்பு, அலைச்சல் என்று 1,100 யூரோவுக்கு மேலும் போயின. இருபத்தேழு வயதில் ஒரு வேகப்பந்து வீச்சாளனுக்கு இரண்டு பருவம் என்பது சின்ன விஷயம் இல்லை. இரவெல்லாம் தூக்கம் வராமல் விதிப்புத்தகத்தையும் பழைய வீரர்களின் கதைகளையும் படித்தேன். அதில் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். என் கதை இதில் முக்கியம் இல்லை. உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இதே நிலை வரும்போது எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஒரு நாட்டுக்கு ஆட ஐ.சி.சி. மூன்று வழிகளை வைத்திருக்கிறது. அந்த நாட்டில் பிறந்திருக்கலாம், அந்த நாட்டின் குடிமகனாக இருந்து செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வைத்திருக்கலாம், அல்லது ஆடும் நாளுக்கு உடனடியாக முந்தைய 3 ஆண்டுகள் அங்கே நிலையாக வசித்திருக்கலாம். முதல் வழிதான் மிக உறுதியானது, அது காலாவதியே ஆகாது. ஹராரேயில் பிறந்த கேரி பேலன்ஸ் 2006-ல் ஜிம்பாப்வேயின் 19 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஆடி, பிறகு இங்கிலாந்துக்கு 23 டெஸ்ட் ஆடினார். 2023 பிப்ரவரியில் புலவாயோவில் ஜிம்பாப்வேக்காக வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 137 ரன் எடுத்தார். இரண்டு நாடுகளுக்கு டெஸ்ட் சதம் அடித்தவர் அவருக்கு முன் கெப்ளர் வெசல்ஸ் ஒருவர்தான். பேலன்ஸை மறுபடி உள்ளே விட்டது அவருடைய பிறந்த ஊர். வெளிநாட்டில் குழந்தை பெற்றிருக்கும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளில் பிறந்ததாலேயே குடியுரிமை கிடைத்துவிடாது. ஆனால் ஐ.சி.சி. விதியில் அந்தப் பிறப்பே போதும். பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்.

என்னை அடித்தது மூன்றாவது வழி. ‘உடனடியாக முந்தைய 3 ஆண்டுகள்’ என்ற சொற்களை நான் சரியாகப் படிக்கவில்லை. அந்த நாட்டில் ஓராண்டு, நடுவில் ஊரில் சில மாதம், திரும்ப இரண்டாண்டு என்று ஒட்டுப்போட்டுக் கணக்குக் காட்ட முடியாது. பதினான்கு மாதம் முடிந்த நிலையில் தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய், நாலரை மாதம் கோயம்புத்தூரிலிருந்தே அலுவலக வேலையைப் பார்த்தேன். சம்பளம் இங்கே வந்தது, வாடகை இங்கே கட்டினேன், வரியும் இங்கேதான். அதனால் வசிப்பு தொடர்கிறது என்று நினைத்துவிட்டேன். என் ஆவணங்களைப் பார்த்தவர்கள் உடல் எங்கே இருந்தது என்றுதான் கேட்டார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டியதாயிற்று.

ஆண்டுக்கு எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை யாரிடமும் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். இந்த எண் அடிக்கடி மாறியிருக்கிறது. ஐ.சி.சி.யின் பழைய விதியில் ஆண்டுக்கு 183 நாள் வீதம் 4 ஆண்டு. இங்கிலாந்து வாரியம் தனக்கென்று வேறு கணக்கு வைத்திருக்கிறது. 2012-ல், 18 வயதுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அதை 7 ஆண்டாக்கினார்கள். 2019 ஜனவரி 1 முதல் 3 ஆண்டாகக் குறைத்தார்கள். அதில் ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஒவ்வோர் ஆண்டிலும் 210 நாள் இருந்திருக்க வேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் என்று எண்ணிக்கொண்டிருந்தால் கணக்கே தப்பிவிடும். அதோடு பிரிட்டிஷ் குடியுரிமையும் வேண்டும். இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பிறந்தவருக்கும் குடியுரிமை கட்டாயம். இன்னொரு நிபந்தனையைப் பலரும் கவனிப்பதில்லை: அந்த மூன்று ஆண்டில் வேறொரு முழு உறுப்பு நாட்டின் தொழில்முறை உள்நாட்டுக் கிரிக்கெட்டில் உள்ளூர் வீரராக (வெளிநாட்டு வீரர் என்ற கணக்கில் அல்லாமல்) ஆடியிருக்கக் கூடாது. குளிர்காலத்தில் சொந்த ஊருக்குப் போய் மாநில அணிக்கு நாலு ஆட்டம் ஆடிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் அங்கேதான் சிக்குகிறார்கள்.

இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சருக்கு இந்த விதிமாற்றம் என்ன செய்தது என்று பாருங்கள். பார்படாஸில் பிறந்தவர், தந்தை ஆங்கிலேயர், கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். வெஸ்ட் இண்டீஸின் 19 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஆடியிருந்தார். 7 ஆண்டு விதி நீடித்திருந்தால் 2022 வரை காத்திருந்திருப்பார். விதி மாறியதால் 2019 மார்ச்சில் தகுதி, மே 3-ல் மாலஹைடில் அயர்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம், ஜூலை 14-ல் லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் சமனை முறிக்கும் சூப்பர் ஓவர். அந்த உலகக் கோப்பையில் 20 விக்கெட் எடுத்தார். பாஸ்போர்ட் இருந்தும் அவர் காத்திருந்ததற்குக் காரணம், ஐ.சி.சி. விதிக்கு மேல் அவருடைய வாரியம் கூடுதல் விதி வைத்திருந்ததுதான். ஆகவே இரண்டு விதிகளையும் தேடுங்கள். ஐ.சி.சி. சொல்வது குறைந்தபட்சம். உங்கள் வாரியம் அதைவிடக் கடுமையாக இருக்கலாம். இன்றைய தேதியில் எது செல்லும் என்பதை மின்னஞ்சலில், பெயரோடும் தேதியோடும் எழுதி வாங்குங்கள். எனக்குக் கிடைத்த வாய்மொழிப் பதிலைச் சொன்னவர் பிறகு பொறுப்பிலேயே இல்லை.

அடுத்தது காகிதம். தமிழர்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’, பிறப்புச் சான்றிதழில் வெறும் ‘கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரையும் சேர்த்து முதற்பெயர்க் கட்டத்தில் எழுதி, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஐரோப்பிய வசிப்பு அட்டையில் அந்தக் காலியை நிரப்ப அவர்களாகவே எதையாவது போடுவார்கள். கடைசியில் நான்கு ஆவணத்தில் நான்கு பெயர், நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டிய நிலை. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் முதற்பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் பிரித்து எழுதி வாங்கிவிடுங்கள். பிறப்புப் பதிவேட்டில் பெயரே ஏறாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும் சான்றிதழ்களும் உண்டு. மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயரைச் சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். பிறகு மாநில அரசின் சான்றொப்பம், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாகத் தரும் சான்று), கடைசியாகப் போன நாட்டின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு. இந்த வரிசை முக்கியம். நான் மொழிபெயர்ப்பை முதலில் செய்துவிட்டேன். பின்னால் வந்த அப்போஸ்டில் பக்கத்தையும் மொழிபெயர்க்கச் சொன்னதால் இரண்டாம் முறை பணம் கட்டினேன்.

வசிப்பை நிரூபிக்க, வந்த நாளிலிருந்தே ஒரு கோப்பு வையுங்கள். நகராட்சிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரி மதிப்பீடு, மருத்துவக் காப்பீடு. இவற்றோடு ஒவ்வொரு பயணத்துக்கும் விமானத்தில் ஏறும் சீட்டின் படம். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஷெங்கன் நாடுகளுக்குள் போய்வந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. அதனால் முத்திரையை நம்பி நாள் எண்ண முடியாது. ஒரு தாளில் போன தேதி, வந்த தேதி, காரணம் என்று மூன்று பத்தி போட்டு அன்றன்றே எழுதிவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது நரகம்.

இனி ஏற்கெனவே ஒரு நாட்டுக்கு ஆடியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு முழு உறுப்பு நாட்டின் மூத்த அணிக்கு ஆடியவர் வேறு நாட்டுக்கு ஆட, கடைசி ஆட்டத்திலிருந்து 3 ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் இது 4 ஆண்டாக இருந்தது, இடையில் மாறியும் இருக்கிறது. துணை உறுப்பு நாட்டிலிருந்து முழு உறுப்பு நாட்டுக்குப் போகிறவருக்கு அப்படிக் காத்திருப்பு எதுவும் இல்லை. புதிய நாட்டின் பிறப்பு, பாஸ்போர்ட், வசிப்பு மூன்றில் ஒன்று இருந்தால் அடுத்த மாதமே ஆடலாம். மேலே ஏறும் படி திறந்திருக்கிறது, இறங்கும் படியில் மட்டும் பூட்டு. 19 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டங்கள் இந்தப் பூட்டைப் போடாது. ஆர்ச்சரைப் போலவே, இந்தியாவின் இளையோர் அணிக்கு ஆடிய சௌரப் நேத்ரவல்கரும் ஹர்மீத் சிங்கும் அமெரிக்காவுக்கு ஆடினார்கள். 2024 ஜூன் 6-ல் டல்லஸில் பாகிஸ்தானை அமெரிக்கா வென்றபோது சூப்பர் ஓவரை வீசியவர் நேத்ரவல்கர்.

இந்த ஒருவழிப் படியின் முழு வலியையும் 2017 வரை துணை உறுப்பு நாடாக இருந்த அயர்லாந்துதான் பட்டது. எட் ஜாய்ஸ் டப்ளினில் பிறந்தவர். 2005 ஐ.சி.சி. டிராபியில் ஆடி அயர்லாந்தை 2007 உலகக் கோப்பைக்கு அனுப்ப உதவினார். அதற்குள் இங்கிலாந்துக்கு வசிப்பிடத் தகுதி பெற்றுவிட்டார். 2006 ஜூன் 13-ல் பெல்ஃபாஸ்டில் அயர்லாந்து தன் முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடியது. எதிரணியான இங்கிலாந்தில் எட் ஜாய்ஸ் அறிமுகமானார், அயர்லாந்து அணியில் அவருடைய உடன்பிறந்த டாமினிக் அறிமுகமானார். தான் தகுதி பெற்றுக்கொடுத்த உலகக் கோப்பைக்கு எட் ஜாய்ஸ் இங்கிலாந்துச் சட்டையில் போனார். 2007 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்து அவரை அழைக்கவில்லை. ஆனால் 4 ஆண்டு முடிய 2011 ஏப்ரல் ஆகும், அடுத்த உலகக் கோப்பையோ பிப்ரவரியில் தொடங்கியது. விலக்குக் கேட்டு விண்ணப்பித்து, அது கிடைத்ததால்தான் அவரால் அயர்லாந்துக்குத் திரும்ப முடிந்தது. 2011 மார்ச் 2-ல் பெங்களூரில் இங்கிலாந்தின் 327 ரன்னை அயர்லாந்து எட்டிப்பிடித்தபோது அவர் அந்த அணியில் இருந்தார். கெவின் ஓ’பிரையன் 50 பந்தில் சதம் அடித்தது அன்றுதான். 2018 மே மாதம் மாலஹைடில் அயர்லாந்தின் முதல் டெஸ்ட்டில் ஆடியபோது ஜாய்ஸுக்கு வயது 39. அதோடு ஓய்வு பெற்றார். நடுவே எந்த நாட்டின் சர்வதேச ஆட்டமும் இல்லாமல் ஏறக்குறைய நான்கு ஆண்டு. அந்த இடைவெளியைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டு வரை ஒரு மட்டையாளனுக்கு எப்பேர்ப்பட்ட வயது!

ஜாய்ஸைத் தொடர்ந்து 2009-ல் இயான் மோர்கன் போனார். 2007-ல் அயர்லாந்துக்காக உலகக் கோப்பை ஆடியவர், 2019-ல் இங்கிலாந்தின் தலைவராகக் கோப்பையைத் தூக்கினார். பாய்ட் ராங்கின் 2013-ல் போனார். 2014 ஜனவரியில் சிட்னியில் இங்கிலாந்துக்காக ஒரே ஒரு டெஸ்ட் ஆடி, 2016-ல் அயர்லாந்துக்குத் திரும்பினார். 2022-ல் மைக்கேல் ரிப்பன் நெதர்லாந்துக்காக நியூசிலாந்தில் போய் ஆடிய சில மாதங்களிலேயே நியூசிலாந்து அணியில் சேர்க்கப்பட்டு ஜூலையில் எடின்பரோவில் அறிமுகமானார். எல்லாம் விதிப்படிதான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நெதர்லாந்து ஒரு சுழல் பந்து வீச்சாளருக்குச் சர்வதேச வாய்ப்புக் கொடுத்தது, அடுத்த தொடரில் அவர் எதிர் ஓய்வறையில் உட்கார்ந்திருக்கிறார், திரும்ப வர வேண்டுமானால் 3 ஆண்டு. போட்டிச் சமநிலை பற்றிப் பேசுகிறவர்கள் இங்கிருந்து தொடங்க வேண்டும். துணை உறுப்பு வீரருக்கும் காத்திருப்பு வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சம்பளமும் டெஸ்ட்டும் இல்லாத நாட்டில் பிறந்தவனை அங்கேயே கட்டிப்போடுவது அநியாயம். இறங்கும் படியின் பூட்டைத்தான் திறக்க வேண்டும். முழு உறுப்பு நாடு ஒரு வருடமாக அழைக்காத வீரர் கீழே வந்து ஆடினால் யாருக்கு என்ன நஷ்டம்? வளர்த்த வாரியத்துக்கு ஒரு இழப்பீடும் வேண்டும். ஐ.சி.சி. வருமானத்தில் 2024 முதல் 2027 வரை இந்தியாவுக்கு 38.5 விழுக்காடு, தொண்ணூறுக்கும் மேற்பட்ட துணை உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து 11 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது என்பதை வைத்துப் பார்த்தால் இந்த இழப்பீடு பெரிய தொகையே அல்ல. வீரர்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2007 உலகக் கோப்பையில் 16 அணிகள் ஆடின. அடுத்த இரண்டில் 14, 2019-லும் 2023-லும் 10. இடத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் இருக்கிற இடத்தைத் தேடித்தான் ஆட்கள் போவார்கள். 2027-ல் மறுபடி 14.

ஒரு நாட்டின் பதவி உயர்வும் வீரரின் பிழைப்பைக் கெடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூனில் அயர்லாந்து முழு உறுப்பு நாடானதன் விளைவாக, அயர்லாந்துக்கு ஆடிக்கொண்டே இங்கிலாந்தின் கவுன்டி எனும் உள்நாட்டு அணிகளில் உள்ளூர் வீரராக இருக்கும் வசதி பின்னர் போயிற்று. டிம் முர்டா 2019 ஜூலையில் லார்ட்ஸில் 13 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 85-ல் சுருட்டினார். அதே நவம்பரில், மிடில்செக்ஸ் கவுன்டிக்குத் தொடர்ந்து ஆடுவதற்காகச் சர்வதேச ஆட்டத்தை விட்டார். உங்களுக்குக் கிளப் ஒப்பந்தம் இருந்தால், தேசியத் தொப்பி வாங்கும் முன்பே, அதாவது நாட்டுக்கு முதல் ஆட்டம் ஆடும் முன்பே, அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் உள்ளூர்க் கணக்கா, வெளிநாட்டுக் கணக்கா, தொப்பி வாங்கியதும் அது மாறுமா என்று கேளுங்கள்.

பாஸ்போர்ட் வழியில் வருகிறவர்களுக்கு: தாத்தா பாட்டி பிறந்த நாடு என்பது ஐ.சி.சி.யின் நேரடி வழி அல்ல. அந்த நாட்டின் குடியுரிமைச் சட்டம் உங்களுக்குப் பாஸ்போர்ட் தந்தால்தான் அது பயன்படும். ஆஸ்திரேலியாவுக்கு 23 டெஸ்ட் ஆடிய ஜோ பர்ன்ஸ் அம்மா வழி இத்தாலிய வேரால் 2024-ல் இத்தாலிக்கு ஆடத் தொடங்கி, அணித் தலைவரானார். 2025 ஜூலையில் இத்தாலி டி20 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதே ஆண்டு மார்ச்சில் இத்தாலி வம்சாவளிக் குடியுரிமையை இரண்டு தலைமுறையோடு நிறுத்திவிட்டது. கொள்ளுத் தாத்தாவை நம்பியிருந்தவர்களுக்குக் கதவு மூடிக்கொண்டது. வழி இருந்தால் இன்றே விண்ணப்பியுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் குடியுரிமை என்று நினைக்க வேண்டாம், அது பாஸ்போர்ட் ஆகாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அந்நிய நாட்டுக் குடியுரிமை எடுக்கும் நாளில் இந்தியப் பாஸ்போர்ட் போய்விடும் என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

தகுதி கிடைத்தால் அணியில் இடம் கிடைத்துவிடாது. 2012-ல் இந்திய இளையோர் அணிக்குத் தலைவராகக் கோப்பை வென்ற உன்முக்த் சந்த் 2021-ல் இந்தியக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு அறிவித்து அமெரிக்கா போனார். 3 ஆண்டு உழைத்து வசித்தார். சொந்த மண்ணில் நடந்த 2024 டி20 உலகக் கோப்பைக்கான அமெரிக்க அணியில் அவர் பெயர் இல்லை. அதனால் காத்திருக்கும் காலத்தில் வேலையை விடாதீர்கள். வாரியத்திடம் பணம் கேட்க வெட்கப்படவும் வேண்டாம். ஆவணச் செலவில் பாதியை அவர்கள் ஏற்பார்களா என்று நான் கேட்கவே இல்லை. எனக்குப் பின் வந்த பையன் கேட்டான், கொடுத்தார்கள்.

கடைசியாக, 2028 லாஸ் ஏஞ்சலஸ். ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் ஆறு ஆறு அணிகள் டி20 ஆடுகின்றன. ஒலிம்பிக் சாசனத்தின் 41-ஆவது விதிப்படி அங்கே ஆடுகிறவர் அந்த நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டு வசிப்பு மட்டும் வைத்து ஐ.சி.சி. ஆட்டங்களில் ஆடுகிறவருக்கு அது செல்லாது. முன்பு வேறு நாட்டுக்கு ஆடியிருந்தால், அந்தக் கடைசி ஆட்டத்திலிருந்து பொதுவாக 3 ஆண்டு கடந்திருக்க வேண்டும். வசிப்பு வழியில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் குடியுரிமைக்கு எத்தனை ஆண்டு ஆகும், மொழித் தேர்வு எந்த நிலை, விண்ணப்பம் முடிய எத்தனை மாதம் என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது மொழித் தேர்வுக்கு எட்டு மாதம்தான் இருந்தது. அடுத்த நாளே மாலை வகுப்பில் சேர்ந்தேன்.